வெள்ளைச் சாப்பாட்டு நாள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இது ஊரறிந்த விஷயம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரும் எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதப்போவதில்லை, போதுமான அவமானம் கீழே வருகிறது. அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அவர் பேசியதைவிட நான் கத்தியதுதான் அதிகம் ஞாபகத்துக்கு வருகிறது. அப்படியே எழுதிவிடுகிறேன்.

அப்பா ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் ஸ்டோரில் வேலை செய்தார். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் குடித்தார். நன்றாகவே குடித்தார். யாரையும் அடிக்கமாட்டார், ஏசமாட்டார், எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் ஓடும் சாக்கடைக் கானில் விழுந்து கிடப்பார். அம்மாவும் நானும் போய் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கி வருவோம். மறுநாள் கோயிலுக்குப் போய், இனித் தொடமாட்டேன் என்று எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வார். அடுத்த சனிக்கிழமை திரும்பவும் கானில் கிடப்பார். எத்தனை சூடம்! அவருடைய சத்தியத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு மதிப்பும் இல்லாமல் போனதற்கு அவர்தான் காரணம், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

பிறகு வயிற்றுப்புண் வெடித்து ஒப்பரேஷன் நடந்தது. இரைப்பையில் பாதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைக் குடலோடு சேர்த்துத் தைத்தார்கள். நான் அப்போது ஆசிரியர் கலாசாலையில் இருந்தேன். வீட்டுக்கு வந்த அப்பா, இந்தத் தரம் சூடம் ஒன்றும் அடிக்காமல், விட்டுவிட்டேன் என்று மட்டும் சொன்னாராம். அம்மா நம்பினாள். நம்பிக்கொண்டே செத்தும் போனாள். நான் நம்பவில்லை.

எப்படி நம்புவது? விடிந்ததும் அவர் கானுக்குப் போவார். குனிந்து நின்று வாந்தி எடுப்பார். மஞ்சளும் பச்சையுமாக வரும். லயத்தில் முப்பது வருடமாகக் குடிகாரர்களைப் பார்த்த சனம், அதற்கு வேறு என்ன பெயர் வைக்கும்? ராத்திரி ஏத்தினது காலையில் இறங்குது என்பார்கள். பீலியில் தண்ணீர் பிடிக்கிற பெண்கள் என் காதுபடவே சிரிப்பார்கள். அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, "வயித்துக்கு சரியில்ல புள்ள" என்பார். "குடிச்சா குடிச்சேன்னு சொல்லுங்க, பொய் சொல்லாதீங்க" என்பேன். இதுதான் எங்கள் காலை வணக்கம்.

கல்யாணமாகி நான் கினிகத்தேனைக்கு வந்துவிட்டேன். கணவருக்குக் கொழும்பில் வேலை, மாதம் ஒரு தரம் வருவார். மகள் பிறந்தபோது அப்பா பஸ் ஏறிப் பார்க்க வந்தார். வாசலிலேயே நிறுத்தினேன். "வாயத் தொறங்க" என்றேன். திறந்தார். புளிப்பும் கசப்புமாக ஒரு வாடை வந்தது. சாராய வாடை இல்லை. அப்படியென்றால் எதையோ மென்று மறைத்திருக்கிறார் என்று முடிவு செய்தேன். பிள்ளையை அவர் கையில் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு எப்போது வந்தாலும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அவராகவே வாயைத் திறந்து காட்டுவார். நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. முகர்ந்துவிட்டு உள்ளே விடுவேன். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, தரையில் விளையாடும் பேத்தியைப் பார்த்துக்கொண்டிருப்பார். மகளுக்கு நாலு வயதாகும்வரை இப்படித்தான் நடந்தது. இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது.

அந்த வருடம் அவர் உடம்பு மளமளவென்று இறங்கியது. இருமல் விடவில்லை, தொண்டை கட்டிப்போய்ப் பாதிக் குரல்தான் வந்தது. தோட்டத்து மருந்துச்சாலையில் கொடுத்த வெள்ளைத் தண்ணி மருந்துக்கு ஒன்றும் அசையவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். பாசத்தால் போனேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மை அதுவல்ல. ஒரு டொக்டர் அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கவேண்டும், அதை நான் பக்கத்தில் நின்று கேட்கவேண்டும் என்றிருந்தது.

டொக்டர் ஒரு சிங்கள அம்மா, என் வயதுதான் இருக்கும். நான் முந்திக்கொண்டு சிங்களத்தில் சொன்னேன்: இவர் குடிக்கிறார் டொக்டர், கேட்டால் இல்லையென்பார், நீங்களே சொல்லுங்கள். அப்பாவுக்கும் சிங்களம் விளங்கும். தலையைக் குனிந்துகொண்டார். டொக்டர் என்னைக் கவனிக்காமல் அவரிடமே கேட்டார். ஒப்பரேஷனுக்குப் பிறகு தொடவில்லை என்றார் அப்பா. டொக்டர் அவருடைய வயிற்றுத் தழும்பைப் பார்த்தார், காலையில் வருவது என்ன நிறம், கசக்குமா, படுத்தால் கூடுமா என்றெல்லாம் விசாரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, இந்த மாதிரி இரைப்பையை வெட்டித் தைத்தவர்களுக்குப் பித்தநீர் குடலிலிருந்து மேலே ஏறி வருவது உண்டு, ஒரு சொட்டு சாராயம் தொடாதவர்களுக்கும் வரும் என்றார்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆனால் உடனே நம்பிவிட்டேனா? டொக்டருக்கு இவரைப் பற்றி என்ன தெரியும் என்றுதான் நினைத்தேன்.

குழாய் விட்டுப் பார்த்ததில் கொஞ்சம் மஞ்சள் தெரிந்தது, ஆனால் குழாய் போகும்போது குமட்டுவதாலும் அப்படி வரும், அதை வைத்துத் தீர்மானிக்க முடியாது என்றார் டொக்டர். ஒரு நாள் முழுக்க அளந்து பார்க்கவேண்டும். நிறைய ஏறுகிறது என்று தெரிந்தால் பித்தநீரை வேறு வழியால் திருப்பிவிட இன்னொரு ஒப்பரேஷன் செய்யலாம். அளப்பதற்கு ஓர் ஆராய்ச்சிக்காக வந்த கருவி சில மாதங்களுக்கு அங்கே இருந்தது. மூக்கு வழியாக ஒரு மெல்லிய வயர் போகும். அதன் நுனியில் நீல வெளிச்சம் விட்டுவிட்டு எரியும். பித்தநீரின் மஞ்சள் நீல வெளிச்சத்தை விழுங்கிவிடும். எவ்வளவு வெளிச்சம் திரும்பி வருகிறது என்பதைச் சில விநாடிக்கு ஒரு தரம் இடுப்பில் கட்டிய பெட்டி எழுதிக்கொண்டே இருக்கும்.

அப்பா நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் தானாக வாயைத் திறந்தது அப்போதுதான். ஸ்டோரில் கடைசி எட்டு வருடம் அவர் கலர் சோட்டர் மெஷினில் நின்றவர். அதுவும் இதே மாதிரிதான்: விழுகிற தேயிலைத் தூளின் மேல் வெளிச்சம் அடித்து, நிறத்தைப் பார்த்து, குச்சி எது தூள் எது என்று பிரிக்கும். அதைத் தன் உடைந்த சிங்களத்தில் அவர் டொக்டருக்கு விளங்கப்படுத்தினார். டொக்டருக்கு ஒரே சந்தோஷம். இத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன், சொல்லி முடிப்பதற்குள் பிடித்துக்கொண்டவர் நீங்கள்தான் என்றார். என் அப்பாவை ஒரு படித்த ஆள் பாராட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தரம்.

பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அதையே பேசிக்கொண்டு வந்தார். சோட்டரில் கண்ணாடிதான் முக்கியமாம். கண்ணாடியில் சாயம் ஒட்டினால் போச்சாம், நல்ல தூளையும் குச்சி என்று வெளியே தள்ளிவிடுமாம். ஒவ்வொரு மணித்தியாலமும் வெள்ளைத் துணியால் துடைப்பது அவர் வேலை. நான் ம் கொட்டிக்கொண்டு வந்தேன். வட்டவளைப் பக்கம் வரும்போது பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"மெஷின் சொன்னா நம்புவியா புள்ள?"

"மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாதே" என்றேன்.

"அது போதும்" என்றார்.

ஒப்பரேஷன் எப்போது, உடம்பு தேறுமா என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது மெஷின் சொல்வதை எழுதித் தரும் அந்தக் காகிதம். அதை என் முன்னால் வைக்கவேண்டும், அவ்வளவுதான்.

சோதனைக்குப் போன அன்று காலையிலேயே மூக்கில் வயரைப் போட்டு, கன்னத்தில் பிளாஸ்டர் ஒட்டி, இடுப்பில் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதில்லை, வீட்டுக்குப் போய் வழக்கம்போல இருந்துவிட்டு மறுநாள் வரவேண்டும். பெட்டியில் மூன்று பொத்தான்: சாப்பிடும்போது ஒன்று, படுக்கும்போது ஒன்று, நெஞ்சு எரிந்தாலோ வாந்தி வந்தாலோ ஒன்று. வாய்க்குள் போவதையெல்லாம் நேரத்தோடு ஒரு தாளில் குறிக்கவேண்டும். இன்னொன்றை டொக்டர் இரண்டு தரம் சொன்னார்: "சுது கேம விதரய்." வெள்ளைச் சாப்பாடு மட்டும்தான். நிறமுள்ள எது உள்ளே போனாலும் வெளிச்சத்துக்கு அதுவும் பித்தநீர் மாதிரித்தான் தெரியும். தேத்தண்ணி கூடாது, மஞ்சள் கூடாது, மிளகாய்த்தூள் கூடாது, தக்காளி கூடாது.

தோட்டத்துக்குத் திரும்பிப் போய்வர நேரமில்லை. அப்பா என் வீட்டில் தங்கவேண்டியதாயிற்று. பிள்ளை பிறந்து நாலு வருடத்தில் அவர் என் வீட்டில் தங்கியது அந்த ஒரு நாள்தான்.

குசினிக்குள் போய் நின்று பார்த்தேன். நம் வீட்டில் வெள்ளையாக என்ன இருக்கிறது? சோற்றையும் சீனியையும் உப்பையும் விட்டால் எல்லாமே நிறம்தான். உருளைக்கிழங்கை வெறும் தேங்காய்ப்பாலில் அவித்தேன். கை தன்பாட்டில் இரண்டு தரம் மஞ்சள் டின்னுக்குப் போனது. சனியனே என்று திட்டி டின்னைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்தேன். பாணின் கருகிய ஓரத்தை வெட்டி வீசினேன். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தரம் சாயத் தேத்தண்ணி குடிக்கிற மனிதர், அன்று சுடுதண்ணீரில் சீனி போட்டுக் குடித்தார். பக்கத்து வீட்டில் தேத்தண்ணி ஊற்றுகிற வாசம் வந்தபோது எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். குறிப்புத் தாள் என் பொறுப்பு. டீச்சர் அல்லவா, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நேரம், உணவு, அளவு என்று தலைப்பு எழுதி வைத்திருந்தேன்.

மத்தியானம் சோற்றுக்குப் பிறகு மகள் தூங்கிவிட்டாள். நான் துணி துவைத்துவிட்டு உள்ளே வந்தபோது அப்பா முன்னறையில் உட்கார்ந்திருந்தார். வயர் தொண்டையை அறுத்துக்கொண்டிருந்தது போல. இருமல் முட்டியது. பிள்ளை எழும்பிவிடக் கூடாது என்று துவாயை வாயில் அடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் இருமிக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தோள் எலும்பு சட்டைக்குள்ளே துருத்திக்கொண்டு நின்றது. அதைப் பார்த்ததும் எனக்குள்ளே என்னவோ ஆகிவிட்டது. அத்தனை வருடமும் நான் பார்த்துக்கொண்டிருந்தது குடிகாரனை. அன்றைக்குத்தான் ஒரு நோயாளியைப் பார்த்தேன்.

நேரே குசினிக்குப் போய்க் கொத்தமல்லி அவித்தேன். இந்த நாட்டில் தமிழ் வீடோ சிங்கள வீடோ, தடிமன் என்றாலும் காய்ச்சல் என்றாலும் தொண்டை நோவு என்றாலும் முதல் கைவைத்தியம் கொத்தமல்லித் தண்ணிதானே. இஞ்சி தட்டிப் போட்டேன். பக்கத்து வீட்டுச் சிங்கள நோனா கொடுத்த வெனிவெல் கட்டை இருந்தது, நாம் மரமஞ்சள் என்போமே அதுதான், அதிலும் இரண்டு துண்டு போட்டேன். நன்றாகச் சுண்டவிட்டு, வடித்து, கோப்பையில் ஊற்றிக் கொண்டுபோய் நீட்டினேன்.

அவர் கோப்பைக்குள் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எனக்கா?" என்றார்.

"பின்ன யாருக்கு? சூட்டோட குடிங்க, தொண்டைக்கு எதமா இருக்கும்."

இரண்டு கையாலும் வாங்கினார். மெதுவாக, கடைசிச் சொட்டுவரைக்கும் குடித்தார். கோப்பையைத் திருப்பிக் கொடுக்கும்போது நல்லா இருக்கு என்றார். மூன்றே முக்கால் இருக்கும். அதை நான் தாளில் குறிக்கவில்லை. சோற்றைக் குறித்தேன், பாலைக் குறித்தேன், சீனித் தண்ணியைக்கூடக் குறித்தேன். கொத்தமல்லியை நான் சாப்பாடு என்றே நினைக்கவில்லை. அது மருந்து. மருந்தை யார் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பார்கள்?

கொஞ்ச நேரத்தில், ரோட்டுப் பக்கம் நடந்துவிட்டு வருகிறேன் என்று போனார். மூக்கில் வயரோடு எங்கே போகிறார் என்று எனக்குச் சுருக்கென்றது. கேட்கவில்லை. அரை மணித்தியாலத்தில் மகளுக்கு இரண்டு பால் டொஃபி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

விடிகாலையில் வழக்கம்போல வீட்டுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். எடுத்துவிட்டு, முகத்தைக்கூடத் துடைக்காமல் ஓட்டமும் நடையுமாக வந்து, எழுதிக்கொள், அஞ்சே கால், பொத்தானையும் அமத்திவிட்டேன் என்றார். வாந்தி எடுத்துவிட்டு இப்படிச் சந்தோஷப்பட்ட மனிதரை நான் கண்டதில்லை.

ஆஸ்பத்திரியில் வயரைக் கழற்றி, பெட்டியைக் கம்ப்யூட்டரில் மாட்டினார்கள். டொக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். மஞ்சள் கூடினால் எழும்புகிற ஒரு கோடு, முதல் நாள் காலையிலிருந்து தாழ்வாகப் போய்க்கொண்டிருந்தது, அங்கங்கே சின்னச் சின்ன மேடு. மூன்றே முக்காலுக்கு அது செங்குத்தாக எழும்பியது. எழும்பியது இறங்கவேயில்லை. கடைசிவரை அதே உயரத்தில் போய் முடிந்தது.

இது பித்தநீர் இல்லை என்றார் டொக்டர். ஏதோ நிறமான பொருள் உள்ளே போய் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதற்குப் பிறகு பதிந்தது ஒன்றுக்கும் உதவாது. விடிகாலை வாந்தியும் அதற்குள்ளே மூழ்கிப் போய்விட்டது. அந்த நேரத்தில் என்ன கொடுத்தீர்கள் என்று என்னைக் கேட்டார். என் தாளைப் பார்த்தேன். மூன்றே முக்காலுக்கு ஒன்றும் இல்லை. எனக்கு ஞாபகம் வந்தது அவர் ரோட்டுப் பக்கம் போனது மட்டும்தான். பின்னேரம் வெளியே போனார் டொக்டர், அங்கே என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது என்றேன். சொல்லும்போதே என் குரலில் இருந்த குத்தல் எனக்கே கேட்டது.

டொக்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு டொக்டரிடம் சொன்னார்.

"கடையில ஒரு பிளேன் டீ குடிச்சிட்டேங்க. மனசு கேக்கல."

டொக்டர் பெருமூச்சு விட்டாரே தவிர ஏசவில்லை. இன்னொரு தரம் செய்யலாம் என்று இரண்டு மாதம் கழித்து ஒரு நாளைக் குறித்துக் கொடுத்தார். டொக்டர் ஏசாத ஏச்சையெல்லாம் நான் பஸ் ஸ்டாண்டில் ஏசினேன். சனம் நின்று பார்த்தது, பார்க்கட்டும் என்றிருந்தது எனக்கு.

"ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாயக் கட்ட முடியலயா உங்களுக்கு? டீதானா, இல்ல அதுவும் பொய்யா?"

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஹட்டன் பஸ் வந்தது, ஏற்றிவிட்டேன். பஸ் புறப்படும்வரைகூட நான் நிற்கவில்லை.

மூன்று கிழமை கழித்து மகளுக்குத் தடிமன் பிடித்தது. கொத்தமல்லி அவித்து, வடித்து, வெள்ளைக் கோப்பையில் ஊற்றினேன். ஊற்றிய கை அப்படியே நின்றுவிட்டது. மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள். வெனிவெல் கட்டை வேட்டியில் பட்டாலே சாயம் போகாது. எத்தனை வருடமாக அவித்திருப்பேன், அதன் நிறத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். அலுமாரிக்குள்ளிருந்து தாளை எடுத்தேன். ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகளுக்கு நடுவே மூன்றே முக்காலுக்கு நேரே வெறுமையாக இருந்தது.

பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ரோட்டுக் கடைக்குப் போனேன். மூக்கில் வயரோடு வந்த ஐயாவைக் கடைக்காரர் மறக்கவில்லை. தேத்தண்ணி ஊற்றவா என்று கேட்டாராம், வேண்டாம் என்றுவிட்டாராம் அப்பா. வெறும் சுடுதண்ணீர்தான் கேட்டாராம். நாலு கிளாஸ், ஒன்றன் பின் ஒன்றாக. பாவம், வயிறு சரியில்லாத ஆள் ஏன் இவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்று நினைத்தேன் என்றார். நான் கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். என் அப்பா வயர் நுனியில் ஒட்டிய சாயத்தைக் கழுவப் பார்த்திருக்கிறார். அதை என் கண்ணுக்கு முன்னால் செய்ய மனமில்லாமல் ரோட்டுவரைக்கும் நடந்திருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். இஸ்தோப்புத் திண்ணையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் வாயைத் திறந்தார். வேண்டாம்ப்பா, வேண்டாம்ப்பா என்று அவர் வாயைக் கையால் பொத்தினேன். அழுதுகொண்டே கொத்தமல்லி என்று மட்டும் சொன்னேன். அவருக்கு விளங்கிவிட்டது.

"தெரிஞ்சுமா குடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"நீ கையில கொண்டாந்து குடுத்த தாயி. வேணாம்னு சொல்ல மனசு வரல."

டொக்டரிடம் ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். நீ டீச்சர், உன்னை அந்த அம்மா ஒரு சொல் சொல்லிவிட்டால் என்று இழுத்தார். என்னை ஏசினால் எனக்குப் பழக்கம்தானே என்றார். இதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னார், அதுதான் தாங்கமுடியவில்லை.

நான் நம்புகிறேன் அப்பா, எனக்கு மெஷின் தேவையில்லை என்றேன். பத்துத் தரம் சொல்லியிருப்பேன். அவர் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். "அடுத்த தரம் சரியா செஞ்சிருவோம்" என்றார். நான் இரக்கப்பட்டுச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். என்னுடைய நம்பிக்கையை அவர் நம்பவில்லை. எனக்கு நன்றாக வேண்டும்.

அடுத்த ஞாயிறு மகளைக் கூட்டிக்கொண்டு போய் அவர் மடியில் உட்காரவைத்தேன். பீலிக்குப் போய் மூன்று தரம் கை கழுவிவிட்டு வந்துதான் தொட்டார். பிள்ளையை அணைத்துக்கொண்டாரே தவிர, தன் மூச்சு அவள்மேல் படாதபடி முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். பிள்ளை கதை கேட்டது. அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே கதை சொன்னார்.

டொக்டர் குறித்துக் கொடுத்த நாளுக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கும்போது, படுத்திருந்தவருக்கு மேலே ஏறி வந்த பித்தநீர் மூச்சுக்குழாய் வழியாக நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. சளியும் காய்ச்சலும் இரண்டு நாள்தான். தோட்டத்து லொறியில் ஹட்டனுக்குக் கொண்டுபோகும் வழியில் போய்விட்டார். எனக்குச் செய்தி வந்தபோது நான் நாலாம் வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

லயமே வந்து தூக்கிச் சென்று அடக்கம் செய்தது. எல்லோரும் நல்ல மனிதர்கள், எனக்கு அவர்கள்மேல் கோபமில்லை. குடிச்சுக் குடிச்சே உடம்பக் கெடுத்துக்கிட்டாரு என்று மூக்கைச் சிந்தினார்கள். அவருக்காக மனது நொந்துதான் சொன்னார்கள். நான் ஒவ்வொருவரிடமும் போய், இல்லை, அது பித்தம், ஒப்பரேஷனால் வந்தது என்றேன். ஆமாம்மா ஆமாம்மா என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

பதினாறாம் நாள் கருமாதிக்குப் படையல் போட்டோம். போனவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைப்பது எங்கள் வழக்கம். சோறு, கோழிக்கறி, வடை, வெற்றிலை எல்லாம் வைத்தேன். லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பரா வீட்டில் இருக்கிற சித்தப்பா, அப்பாவின் தம்பி, சட்டைக்குள்ளிருந்து ஒரு கால் போத்தல் சாராயத்தை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார். நான் எடுத்து அப்பால் வைத்தேன். அவர் திரும்பவும் எடுத்து வைத்தார்.

"எங்கப்பா குடிக்கிறதில்ல சித்தப்பா" என்றேன். "ஒப்பரேஷனுக்குப் பொறகு ஒரு சொட்டுத் தொடல."

சித்தப்பா என்னைப் பார்த்தார். எத்தனையோ காலைகளில் நான் அப்பாவைப் பார்த்த பார்வைதான், ஆனால் அவர் பார்வையில் பாசம் இருந்தது.

"சரி பாப்பா" என்றார். "நீ அப்பிடியே நெனச்சுக்க. ஆனா எங்கண்ணன் வெறுங்கையோட போகக் கூடாது."

எல்லோரும் சரி என்று தலையாட்டினார்கள். என்னிடம் காட்டுவதற்கு ஒரு காகிதம் இல்லை. கத்திப் பார்த்தேன், பிறகு அழுது பார்த்தேன். ஒரு அக்கா என்னைத் தோளோடு அணைத்துப் பின்னால் இழுத்துக்கொண்டாள். சித்தப்பா போத்தலைத் திருகித் திறந்து, இலையின் ஓரத்தில் இருந்த கிளாஸில் அப்பாவுக்கு ஊற்றினார். சனம் விழுந்து கும்பிட்டது. கடைசியில் நானும் கும்பிட்டேன்.